விரையில் ஊசி குத்தி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி: கேன்சர் டெஸ்டா, குழந்தையின்மை டெஸ்டா?

கரூர்க்காரன்
வணக்கம் நண்பர்களே. கூச்சமான விஷயம்தான், ஆனால் வேறு எங்கே கேட்பதென்று தெரியவில்லை. கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. செமன் டெஸ்ட் இரண்டு முறை எடுத்தாயிற்று. இரண்டிலும் ‘நில்’, அதாவது விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட். அடுத்து டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘எஃப்.என்.ஏ.சி, இரு விரைகளும்’ என்று இருக்கிறது.

அந்தப் பேரைக் கேட்டதுமே வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. தாய்மாமாவுக்குப் போன வருடம் கழுத்துக் கட்டியில் இதே டெஸ்ட்தான் எடுத்தார்கள். ஆபரேஷன் செய்து பார்த்ததில் தைராய்டு கேன்சர் என்று வந்தது. டாக்டர் என்னிடம் எதையாவது மறைக்கிறாரா? ஊசி குத்தினால் இல்லாத கேன்சர் வந்துவிடும் என்று அம்மா வேறு அழுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி
பயப்படாதீங்க பாஸ். கூகுள் பண்ணாதீங்க, அது தலைவலிக்கும் மூளைக் கட்டி என்றுதான் சொல்லும். இங்கே லேப்பில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், கூப்பிடுகிறேன். @கண்ணாடிச்சில்லு

கண்ணாடிச்சில்லு
வந்துட்டேன். சைட்டாலஜி, அதாவது செல்களைப் பரிசோதிக்கும் லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, சீட்டில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மெல்லிய ஊசியால் ஓர் இடத்திலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்து, ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குத்தான் எஃப்.என்.ஏ.சி என்று பெயர். எந்த நோயைத் தேடுகிறோம் என்பது அந்தப் பெயரில் இல்லவே இல்லை. மாமாவின் கழுத்தில் குத்தியபோது ‘இந்தச் செல்களில் கேன்சர் இருக்கிறதா’ என்று பார்த்தார்கள். உங்களுக்கு ‘விரைக்குள் விந்தணு உருவாகிறதா, உருவாகாவிட்டால் எந்தப் படியில் நின்றுபோகிறது’ என்று பார்ப்பார்கள். ஊசியும் ஸ்லைடும் ஒன்றுதான். கேள்விதான் வேறு.

விரையில் எப்படி எடுப்பார்கள் என்றால், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, 23 கேஜ் அளவிலான மெல்லிய ஊசியைச் செலுத்தி லேசாக இழுப்பார்கள். ஸ்லைடில் நாங்கள் தேடுவது ஒரு வரிசையை: ஆரம்பநிலை விந்துச் செல்கள், அடுத்து நூல் நூலாகக் குரோமோசோம் தெரியும் ஸ்பெர்மட்டோசைட், அப்புறம் ஸ்பெர்மாட்டிட், கடைசியில் வால் முளைத்த விந்தணு. இவற்றுக்குத் தாதிபோல் இருக்கும் செர்ட்டோலி செல்களும் கூடவே வரும். வரிசை முழுதாக இருந்தும் வெளியே ‘நில்’ வந்தால், உற்பத்தி நடக்கிறது, வழியில் அடைப்பு என்று அர்த்தம். ஸ்பெர்மட்டோசைட்டோடு வரிசை நின்றுபோனால் அது வளர்ச்சித் தடை. வெறும் செர்ட்டோலி செல் மட்டும் தெரிந்தால் அந்த இடத்தில் உற்பத்தியே இல்லை. ‘அந்த இடத்தில்’ என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கேன்சருக்கு மட்டும்தான் இந்த டெஸ்ட் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கழுத்தில் நெறி கட்டிவிட்டதென்று நடுங்கிக்கொண்டு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஸ்லைடில் டி.பி.தான் தெரியும். ஆறு மாத மாத்திரை, கட்டணம் கிடையாது, குணமாகிவிடுகிறார்கள்.

இன்னொன்று. கர்ப்பப்பை வாய்க்கு எடுக்கும் பேப் ஸ்மியருக்குப் போடும் பாப்பனிகொலாவ் சாயம் இருக்கிறதே, விந்தணுவின் தலையும் வாலும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கவும் உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு அதையே பரிந்துரைக்கிறது. அந்தச் சாயத்தை உருவாக்கிய பாப்பனிகொலாவ் கிரேக்க நாட்டில் பிறந்து நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தவர். 1928இல் ஸ்மியரைப் பார்த்தே கேன்சரைச் சொல்லலாம் என்றபோது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. டிராட் என்ற மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து 1943இல் புத்தகமாகப் போட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

சேலம் சிவா
அக்கா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் ஒருவருக்கு மார்பகக் கட்டியில் ஊசி குத்தினார்கள், ஆறு மாதத்தில் எலும்பு வரை பரவிவிட்டது. ‘புற்றைக் கத்தி படாமல் விடு’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கண்ணாடிச்சில்லு
சிவா, அந்த ஆறு மாதத்தில் அவருக்கு என்ன வைத்தியம் நடந்தது? ஊசி குத்தி, ரிப்போர்ட் வாங்கி, பயத்தில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நாட்டு மருந்துக்குப் போய்விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பரவியதற்குப் பழி ஊசி மேல். மார்பகம், தைராய்டு, நெறிக்கட்டி இவற்றில் மெல்லிய ஊசியால் பரவுவது மிக மிக அரிது.

மருத்துவர்_பெயர்வேண்டாம்
நான் பேத்தாலஜிஸ்ட், ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர். அக்கா சொன்னதோடு ஒரு முக்கியமான விதிவிலக்கைச் சேர்க்க வேண்டும், அதுவும் இந்த இழைக்கு நேரடியாகப் பொருந்துவது.

விரையில் கேன்சர் கட்டி என்று சந்தேகம் வந்தால் விரைப்பை வழியாக ஊசி குத்தவே கூடாது. காரணம் நிணநீர் ஓடும் பாதை. விரையின் நிணநீர் வயிற்றுக்குள், பெருந்தமனியை ஒட்டிய முடிச்சுகளுக்குப் போகிறது. விரைப்பைத் தோலின் நிணநீர் தொடை இடுக்கு முடிச்சுகளுக்குப் போகிறது. தோல் வழியாகக் கட்டியைக் குத்தினால் இரண்டு பாதையும் கலந்துவிடும், நோய் எங்கே போகும் என்ற கணக்கே குழம்பிவிடும். அதனால் ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி, பீட்டா ஹெச்.சி.ஜி, எல்.டி.ஹெச் என்று மூன்று ரத்தப் பரிசோதனை. சந்தேகம் உறுதியானால் இடுப்பு மடிப்பு வழியாக அந்த விரையையே எடுத்து, முழுதாக பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இது நன்றாகக் குணமாகும் கேன்சர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆக, கரூர்க்காரரே, உங்கள் டாக்டர் விரையில் ஊசி குத்தச் சொல்லியிருக்கிறார் என்பதே, அவர் அங்கே கேன்சரைச் சந்தேகப்படவில்லை என்பதற்கு அடையாளம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் குத்துவதற்கு முன்னால் விரை ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். குழந்தையின்மை உள்ள ஆண்களிடம் விரைக் கட்டி மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. சிறு வயதில் விரை இறங்காமல் இருந்தவர்களுக்கு இரண்டு சிக்கலும் வர வாய்ப்பு உண்டு.

மாமா விஷயத்தில் ஒரு சந்தேகம்: எஃப்.என்.ஏ.சி ரிப்போர்ட்டிலேயே கேன்சர் என்று போட்டிருந்தார்களா?

கரூர்க்காரன்
டாக்டர் சார், ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், கொஞ்சம் தெளிந்தார். மாமா ரிப்போர்ட்டில் ‘ஃபாலிக்குலர் நியோப்ளாசம், பெதஸ்டா 4’ என்று இருந்தது. பாதித் தைராய்டை எடுத்த பிறகுதான் கேன்சர் என்றார்கள். ஊசியில் ஏன் தெரியவில்லை என்று அப்போதே வீட்டில் சண்டை.

மருத்துவர்_பெயர்வேண்டாம்
நினைத்தேன். அது லேப்பின் குறை இல்லை. தைராய்டு ரிப்போர்ட்டை பெதஸ்டா முறையில் ஆறு வகையாகப் பிரிக்கிறோம்: 1 என்றால் செல் போதவில்லை, 2 சாதாரணம், 4 உங்கள் மாமாவுக்கு வந்த ஃபாலிக்குலர் வகைக் கட்டி, 6 கேன்சர் உறுதி. பாப்பில்லரி கேன்சரை ஸ்லைடிலேயே பெரும்பாலும் பிடித்துவிடலாம், ஏனென்றால் அடையாளம் உட்கருவிலேயே இருக்கிறது, காப்பிக்கொட்டை மாதிரி நடுவில் கோடு விழுந்திருக்கும். ஃபாலிக்குலர் வகை அப்படி இல்லை. கட்டியைச் சுற்றியுள்ள உறையை, இல்லாவிட்டால் ரத்தக்குழாயைத் துளைத்திருந்தால் கேன்சர், துளைக்காவிட்டால் சாதாரணக் கட்டி. ஊசியில் வருவது உதிரிச் செல்கள். உறை ஊசிக்குள் வராது. எவ்வளவு பெரிய நிபுணர் பார்த்தாலும் அந்த ஸ்லைடில் அதைச் சொல்ல முடியாது.

இப்போது விரைக்கு வருகிறேன். இதில் அக்காவோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. நம் ஊரில் ‘நில்’ என்று வந்தாலே எஃப்.என்.ஏ.சி எழுதும் பழக்கம் இருக்கிறது. செலவு குறைவு, தையல் இல்லை, சரிதான். ஆனால் விரை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. குத்திய இடத்தில் செர்ட்டோலி செல் மட்டும் வந்து, பக்கத்திலேயே ஒரு மூலையில் விந்தணு உருவாகிக்கொண்டிருக்கலாம். அதற்காகத்தான் அமெரிக்காவில் பால் டியூரெக் என்ற மருத்துவர் ஒவ்வொரு விரையிலும் பல இடங்களில் குத்தி வரைபடம்போல் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். மைக்ரோ டீஸ் என்று, மைக்ராஸ்கோப் வைத்து விரையைத் திறந்து, பருத்த குழல்களாகத் தேடி எடுக்கும் அறுவை முறையை 1999இல் வெளியிட்டவர் ஷ்லெகல். அவரும் அதே கார்னெல்தான், பாப்பனிகொலாவ் இருந்த இடம்.

அடைப்பா, உற்பத்திக் குறைவா என்று பிரிப்பதற்காக மட்டும் விரையில் பயாப்சி எடுப்பதை வழக்கமாக்க வேண்டாம் என்கிறது அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் வழிகாட்டி. ரத்தத்தில் எஃப்.எஸ்.ஹெச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) 7.6க்கு மேல், விரையின் நீளம் 4.6 செ.மீ.க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் உற்பத்திக் கோளாறு. இரண்டும் நார்மல் என்றால் அடைப்பின் பக்கம் சாயும். கையால் தொட்டுப் பார்ப்பதிலேயே பாதி தெரிந்துவிடும், அதைச் செய்வதற்குத்தான் இப்போது யாருக்கும் நேரம் இல்லை. கரூர்க்காரரே, செமன் ரிப்போர்ட்டின் மற்ற வரிகளையும் போடுங்கள்.

கண்ணாடிச்சில்லு
டாக்டர், ‘அந்த இடத்தில்’ என்று நானும் அதற்குத்தான் சொன்னேன். ஆனால் மைக்ரோ டீஸ் செய்ய எத்தனை ஊரில் வசதி இருக்கிறது, என்ன செலவாகிறது? எங்களிடம் வருகிறவர்கள் கூலி வேலைக்காரர்கள். ஒரு ஊசியில் ‘உற்பத்தி நன்றாக இருக்கிறது, அடைப்புதான்’ என்று தெரிந்தால் அதுவே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

மருத்துவர்_பெயர்வேண்டாம்
நியாயம். ‘இருக்கிறது’ என்று வந்தால் அதை நம்பலாம். ‘இல்லை’ என்று வந்தால் அதோடு நம்பிக்கையை விட்டுவிடக் கூடாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

திண்டுக்கல் தேவி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கரூர்க்காரன் அண்ணா, நீங்கள் நாலு வருடத்திலேயே டெஸ்டுக்குப் போனதற்கு ஒரு கும்பிடு. எங்கள் வீட்டில் எனக்கு டியூப் டெஸ்ட், லேப்ராஸ்கோப்பி, ஊர்ப்பட்ட ஹார்மோன் ஊசி எல்லாம் முடிந்து, மாமியார் வேண்டிய கோயிலுக்கெல்லாம் மண்சோறு சாப்பிட்ட பிறகுதான் அவர் ஒரு டப்பாவைக் கையில் வாங்கினார். விந்தணு கவுண்ட் வெறும் 40 லட்சம். இதை முதல் மாதமே பார்த்திருக்கலாம் இல்லையா? டெஸ்டிலேயே மலிவானதும் வலி இல்லாததும் அதுதான். ஆண்களுக்கு அது மட்டும் கௌரவப் பிரச்சனை.

ஊர்சுற்றி
தேவி அக்கா, எனக்கு 1 கோடியே 40 லட்சம் வந்தது. ரிப்போர்ட்டில் குறைந்தது 1 கோடியே 60 லட்சம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஃபெயிலா?

கண்ணாடிச்சில்லு
ஃபெயிலும் இல்லை, பாஸும் இல்லை. ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள எண். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் அளவுகளை வரிசைப்படுத்தி, கீழிருந்து ஐந்தாவது சதவீதத்தில் இருப்பவரின் அளவை எடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் உண்டு. அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்று மற்ற எண்களும் அப்படித்தான். வடிவம் 4 என்று பார்த்துவிட்டு 96 சதவீதம் ஊனம் என்று அழுதவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்குள் பெரிய காய்ச்சல் வந்ததா? விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் பிடிக்கும், அதனால் டெங்கு வந்தவர் குணமாகி எழுந்த பிறகு கவுண்ட் விழும். இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு, சாம்பிளை ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில் கொடுக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு அதிகம். அது கீழே சிந்தியிருந்தால் சொல்லிவிடுங்கள், மறைத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

அமுத லேகியம்
ஆண்மைக் குறைவு, நில் கவுண்ட் எல்லாவற்றுக்கும் 48 நாளில்

[நெறியாளர்: விளம்பரம் நீக்கப்பட்டது. நீக்கியும் இவ்வளவு மிச்சம் இருக்கிறது, மன்னிக்கவும்.]

கரூர்க்காரன்
ரிப்போர்ட் போடுகிறேன். அளவு 0.7 மில்லி. பி.எச் 6.5. ஃப்ரக்டோஸ் ‘நெகட்டிவ்’. இரண்டாவது லேப்பில் சாம்பிளைச் சுழற்றி, அடியில் தங்கியதையும் பார்த்து ‘நில்’ என்று எழுதியிருக்கிறார்கள். எஃப்.எஸ்.ஹெச் 4.1. விரை ஸ்கேன் எடுத்தாயிற்று, இரண்டும் நார்மல் சைஸ், கட்டி இல்லை.

மருத்துவர்_பெயர்வேண்டாம்
இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும்!

விந்து நீரின் பெரும்பகுதி செமினல் வெசிக்கிள் என்ற பையிலிருந்து வருகிறது. ஃப்ரக்டோஸ் சர்க்கரை அங்கிருந்துதான், காரத்தன்மையும் அங்கிருந்துதான். உங்கள் சாம்பிளில் அளவு குறைவு, சர்க்கரை இல்லை, பி.எச் 7க்குக் கீழே, அதாவது அமிலமாக இருக்கிறது. அந்தப் பையின் பங்கு வந்து சேரவில்லை. எஃப்.எஸ்.ஹெச்சும் விரை அளவும் நார்மல், அதனால் உற்பத்தி நடக்கவே வாய்ப்பு அதிகம். இப்படிச் சேர்ந்து வந்தால் இரண்டைச் சந்தேகப்பட வேண்டும்: விந்து வெளியேறும் நாளத்தில் அடைப்பு, அல்லது பிறவியிலேயே இரு பக்கமும் விந்துக் குழாய் இல்லாமல் இருப்பது.

இரண்டாவதைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் வேண்டாம். விரைப்பைக்கு மேலே நூல்கண்டுக் கயிறுபோல ஒரு குழாய் விரலில் தட்டுப்பட வேண்டும். ஆண்கள் மருத்துவம் தெரிந்த யூராலஜிஸ்ட் தொட்டாலே சொல்லிவிடுவார். குழாய் இல்லை என்றால் சி.எஃப்.டி.ஆர் என்ற மரபணுவைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு மட்டும் இல்லை, மனைவிக்கும். இரண்டு பேரிடமும் அந்த மரபணுவில் கோளாறு இருந்தால், நுரையீரலில் சளி கெட்டியாக அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைக்கு வரலாம். வயிற்று ஸ்கேனும் தேவை. இவர்களில் சிலருக்கு ஒரு சிறுநீரகமே இருக்காது.

கோவை கணேஷ்
கேன்சர் பக்கத்திலிருந்து ஒருவன் பேசுகிறேன். எனக்கு 24 வயதில் கழுத்தில் நெறிக்கட்டி. எஃப்.என்.ஏ.சியில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்க் கேன்சர் சந்தேகம் என்று வந்தது. அதோடு விடாமல் முழுக் கட்டியையும் எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். அப்போது ஏன் இரண்டு வேலை என்று எரிச்சலாக இருந்தது. டாக்டர் சொன்ன தைராய்டு உறை விஷயத்தைப் படித்ததும் அது புரிகிறது, கட்டியின் அமைப்பைப் பார்த்துத்தான் வகையைச் சொல்ல முடியும் போல.

சொல்ல வந்தது வேறு. கீமோ ஆரம்பிப்பதற்கு முன்னால் விந்துவை உறைய வைக்கலாம் என்று அந்த மருத்துவமனையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் படுக்கை அண்ணன் சொல்லித்தான் தெரியும். ஓடிப்போய்க் கொடுத்தேன். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்திருந்தார்கள். பின்னாளில் அதற்குத் தேவை வரவில்லை, தானாகவே மகள் பிறந்தாள். ஆனால் என்னோடு வார்டில் இருந்த ஒரு பையனுக்கு வேறு மருந்து, வேறு டோஸ், அவனுக்குக் கவுண்ட் திரும்பவே இல்லை. அவனிடமும் யாரும் கேட்கவில்லை. கேன்சர் என்று தெரிந்த வாரத்தில் யாருக்குக் குழந்தை ஞாபகம் வரும்? மருத்துவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவர்_பெயர்வேண்டாம்
முழுக்க உடன்படுகிறேன். பருவமடைந்த பையன்களுக்கும் இதைச் செய்யலாம். பெற்றோர் கூச்சப்படுவார்கள், அதைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

சேலம் சிவா
ஊசி விஷயத்தில் இன்னும் முழுசாக மனசு ஒப்பவில்லை. ஆனால் பீரோவில் பூட்டிய ரிப்போர்ட் கதை எங்கள் தெரு ஆளுக்கும் பொருந்தும். விசாரித்தேன்.

கரூர்க்காரன்
அப்டேட். வேறு ஊரில் யூராலஜிஸ்ட் ஒருவரைப் பார்த்தோம். தொட்டுப் பார்த்தார், இரண்டு பக்கமும் குழாய் தட்டுப்படவில்லை என்றார். சிறுநீரகம் இரண்டும் இருக்கிறது. எங்கள் இருவர் ரத்தமும் மரபணு டெஸ்டுக்குப் போயிருக்கிறது. எஃப்.என்.ஏ.சி இப்போது தனியாக வேண்டாம், ரிசல்ட் வந்த பிறகு விந்தணுவை ஊசியில் எடுத்து, அதில் ஒன்றை லேப்பில் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி செய்துகொள்ளலாம் என்கிறார். மனைவிக்கு 29 வயது, அவசரம் இல்லை என்றும் சொன்னார். கையில் காசு சேர்க்க எனக்கும் கொஞ்ச காலம் கிடைக்கும். ஊசியில் எடுப்பது என்றால் மறுபடி அதே ஊசிதானா?

கண்ணாடிச்சில்லு
ஏறக்குறைய அதேதான். விரைக்கு மேல் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸிலிருந்து எடுப்பார்கள், கிடைக்காவிட்டால் விரையிலிருந்து. இந்த முறை வருவதைச் சாயம் போட்டுக் கொல்ல மாட்டார்கள், உயிரோடு வேண்டும். அதனால் அன்றைக்கு எம்ப்ரியாலஜிஸ்ட் (விந்தணு, கருமுட்டையை லேப்பில் கையாளும் நிபுணர்) பக்கத்திலேயே இருப்பாரா, மிச்சமாகும் விந்தணுவை அன்றே ஃப்ரீஸ் செய்யும் வசதி இருக்கிறதா, வருடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று பலிக்காவிட்டால் இரண்டாவது முறை ஊசிக்குப் படுக்க வேண்டியதில்லை.